கண்ணால் நிறுக்கிறவர்

பெட்டியை அவர் முதலில் தொடமாட்டார். அதைச் சுற்றி ஒருமுறை நடப்பார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்து, "இதை ஒருக்கா அந்தக் கதவடி மட்டும் இழுத்துக்கொண்டு போங்கோ பாப்பம்" என்பார். இழுக்கிறவரின் தோள் எவ்வளவு சரிகிறது, சில்லு தரையில் என்ன சத்தம் போடுகிறது என்று கவனித்துக்கொண்டு நிற்பார். பிறகு தீர்ப்புச் சொல்லுவார்.

"முப்பத்திரண்டு. மிளகாய்த்தூளிலை ரெண்டு பக்கெற்றை வெளியிலை எடுங்கோ. பனங்கட்டியைக் கைப்பையிலை வையுங்கோ. அப்ப சரி."

நம்பாத யாராவது கொளுவித் தூக்குகிற சின்னத் தராசால் நிறுத்துப் பார்ப்பார்கள். முப்பத்திரண்டாகத்தான் இருக்கும்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் கனடாவுக்கோ லண்டனுக்கோ ஆள் அனுப்பாத வீடு கிடையாது. ஆள் புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் அவரைக் கூப்பிடாத வீடும் கிடையாது. விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை நிறுத்து ஏற்றுகிற கவுண்டரில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவர் அவர். எங்கள் மாடிக் கட்டடத்தில் எனக்கு மேல் தளத்தில் குடியிருந்தார். இந்த உதவிக்கு ஒரு சதம் வாங்கமாட்டார். பெட்டியிலிருந்து வெளியே எடுத்த முறுக்கையும் பருத்தித்துறை வடையையும் மட்டும், "இதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்று கையோடு கொண்டுபோய்விடுவார். மகனை முதல்தடவை பிரிகிற தாய்மாரிடம், "நான் கவுண்டரிலை நிப்பன் அன்ரி, பயப்பிடாதேங்கோ" என்பார். சொன்னபடி நிற்பார். இரண்டு மூன்று கிலோ கூடியிருந்தாலும், "போகட்டும், பொடியன் சாப்பிடட்டும்" என்று பெட்டியைத் தள்ளிவிடுவார். அவருக்கு இருந்த நல்ல பெயரில் பொய் இல்லை. அதை முதலில் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் இனி நான் எழுதப்போவதில் நல்லது அதிகம் இல்லை.

அவர் பெட்டிகளோடு நிற்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணம். மண்டபத்தின் கடைசி வரிசையில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். மணவறைக்கு ஆராத்தி எடுக்க ஒரு பெண் எழுந்து போனார். நாற்பது தாண்டியிருக்கும். பச்சைப் பட்டு உடுத்தியிருந்தார். நண்பர் என் காதுக்குள் குனிந்தார். பன்னீரும் கட்லட்டும் கலந்த வாசம் என் முகத்தில் அடித்தது.

"எழுபத்தாறு, மாஸ்டர்."

எனக்கு விளங்கவில்லை.

"போன வரியம் இவவின்ரை மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டிலை எழுபத்தொண்டு. ஒரு வரியத்திலை ஒரு கைப்பை ஏறியிருக்கு."

நான் சிரித்தேன். நல்ல பகிடி என்றுதான் அப்போது நினைத்தேன். அதற்குப் பிறகு எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் அவர் பக்கத்தில் இருக்கவே எனக்கு விருப்பமாக இருந்தது. அவர் இலக்கங்களைச் சொல்லிக்கொண்டே இருப்பார். இளம்பெண்களைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. முப்பத்தைந்து தாண்டி, பிள்ளை பெற்று, இடுப்பு அகலத் தொடங்கியவர்கள்தான் அவருடைய கணக்கு. "இனித்தான் ஏறும். இது தொடக்கம். பாத்துக்கொண்டிருங்கோ" என்பார். கவுண்டரில் வரிசையாக வருகிற பெட்டிகளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். முதலில் கணுக்கால், பிறகு பின்பக்கம், பிறகு மேற்கை. முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். சிலவேளை முகத்தைப் பார்க்கவே மாட்டார்.

இதை எழுதும்போது எனக்கு வெட்கம் வருகிறது. அப்போது வரவில்லை.

நண்பருக்கு ஒரு வயிறு இருந்தது. பெல்ட்டுக்கு மேலால் வழிந்து, இருக்கும்போது மடியில் வந்து படுத்துக்கொள்ளும். அதற்கு அவர் நிறை சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. யாராவது தட்டிப் பார்த்தால், "இது வசதி" என்று தானே ஒருமுறை தட்டிக் காட்டுவார். எல்லோரும் சிரிப்போம்.

அவருக்குப் பதில் சொன்ன ஒரே பெண்ணை எனக்கு நினைவிருக்கிறது. வெள்ளவத்தைச் சந்தையில் மீன் விற்கிற சிங்களப் பெண். அவர் அளவெடுக்கிற பார்வையைக் கண்டுவிட்டாள். கையில் கத்தி இருந்தது. "மாத்தயா, மாளு கிரண்ண. மாவ கிரண்ண எப்பா" என்றாள். ஐயா, மீனை நிறுங்கள், என்னை நிறுக்க வேண்டாம். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நண்பரும் சிரித்தார். ஆனால் திரும்பி வரும் வழியில், காலி வீதி என்ற அந்தப் பெருந்தெருவை எனக்காக நிற்காமல் கடந்தார். கடந்தபிறகு, "தொண்ணூறுக்குக் குறையாது. வாயும் அப்பிடித்தான்" என்றார்.

இனி அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர்கள் எங்கள் கட்டடத்துக்கு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். நான் அவரைத் தங்கச்சி என்று கூப்பிட்டேன். அவர் என்னை மாஸ்டர் அண்ணை என்றார். நான் ஒரு பாடசாலையில் பௌதிகம் படிப்பித்தவன். அவருடைய மகனுக்குச் சாதாரண தரப் பரீட்சை வரை நான்தான் வீட்டில் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுத்தேன். நான் மேலே போகும்போதெல்லாம் தேத்தண்ணியோடு ஏதாவது ஒரு தட்டு வரும். தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகமாட்டார். வயிற்றுக்கு முன்னால் பிடித்தபடியே நின்று கதைப்பார். தட்டு இல்லாவிட்டால் ஒரு தலையணை, அல்லது மடித்த உடுப்பு, அல்லது மகனின் புத்தகப்பை. குடும்பப் படங்களில் எல்லாம் அவர் கையில் ஏதாவது இருக்கும். அவருடைய வழக்கம் என்று நினைத்திருந்தேன். எதை மறைக்கிறார் என்று நான் யோசித்ததே இல்லை.

அவருக்கு நண்பர் வைத்த பெயர் எக்ஸஸ். கவுண்டரில் அளவுக்கு மேல் வந்த பாரத்துக்குச் சொல்லுகிற சொல். "எக்ஸஸ், இஞ்சை வாரும்." "எக்ஸஸிட்டைக் கேளுங்கோ, அவவுக்குத் தெரியும்." முதலில் அவர் மட்டும் சொன்னார். பிறகு சீட்டு விளையாட வருகிற நண்பர்கள் சொன்னார்கள். தங்கச்சி என்று கூப்பிட்ட நான் எந்த நாளில் அந்தப் பெயருக்கு மாறினேன் என்று எனக்குத் தெரியாது. மாறினேன். "எக்ஸஸ் இல்லையோ வீட்டிலை?" என்று கதவடியில் நின்று அவரிடமே கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு வழிவிடுவார்.

விருந்துகளில் மனைவியின் தட்டில் இருந்து எடுத்துச் சாப்பிடுவது நண்பரின் இன்னொரு பழக்கம். மனைவி ஒரு றோல்ஸை வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் இவர் பக்கத்தில் வந்து நிற்பார். "பாரம் இறக்கிறன்" என்று சொல்லிக் கையிலிருந்து எடுப்பார். எடுத்ததைத் தானே தின்பார். எண்ணெய் பட்ட விரலை நக்கிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார். அந்த மனைவி வெறுங்கையை ஒரு கணம் அப்படியே பிடித்திருப்பார். பிறகு சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்வார். துடைக்க அதில் ஒன்றும் இருக்காது.

அந்தப் பெண்ணின் நாற்பதாவது பிறந்தநாள் அவர்கள் வீட்டிலேயே நடந்தது. வரவேற்பறை நிறைய ஆட்கள். கேக் வெட்டுவதற்கு முதல் நண்பர் உள்ளே போய், பளபளக்கும் தாளில் சுற்றி ரிப்பன் கட்டிய ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்தார். எல்லோரும் கை தட்டினோம். "பிரியும், பிரியும்" என்றார். மனைவி சிரித்தபடி ரிப்பனை அவிழ்த்தார். கண்ணாடித் தட்டு வைத்த, ஏறி நின்று நிறை பார்க்கிற தராசு.

கூட்டம் ஓவென்று சிரித்தது.

"ஏறும். கேக் வெட்ட முதல் ஒருக்கா, வெட்டிச் சாப்பிட்ட பிறகு ஒருக்கா. வித்தியாசம் பாப்பம்."

"இஞ்சேருங்கோ, பேந்து பாப்பம். ஆக்கள் நிக்கினம்."

"ஆக்கள் நிக்கினம் எண்டுதானே ஏறச் சொல்லுறன்."

யாரோ "ஏறுங்கோ அக்கா, பகிடிதானே" என்றார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்தார். நண்பர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். "என்ரை கண்ணாடி இல்லை. மாஸ்டர், நீங்கள் வாசியுங்கோ. நீங்கள் பௌதிகம், உங்கடை வாயாலை வாசிச்சால்தான் சரி."

நான் எழுந்து வந்தேன். ஒருவரும் என்னை இழுத்துவரவில்லை. சந்தோசமாகத்தான் வந்தேன். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கையில் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. ரிப்பன் மட்டும் இருந்தது, அதைச் சுருட்டி வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். நான் அவருடைய காலடியில் குனிந்தேன். அப்போது மேலேயிருந்து எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"மாஸ்டர் அண்ணை, சத்தமா வாசியாதேங்கோ."

நான் நிமிர்ந்து, வகுப்பறையில் விடை சொல்லுகிற குரலில் சத்தமாக வாசித்தேன். தசமத்தோடு வாசித்தேன்.

அந்த இலக்கத்தை இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை வாசித்தது போதும்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நண்பர், "பாத்தியளோ, நான் காலமை சொன்னனான், தசமம்தான் பிழைச்சது" என்று கூத்தாடினார். அந்தப் பெண் தராசிலிருந்து இறங்கினார். கேக் வெட்டினார். முதல் துண்டை யாருக்குக் கொடுப்பதென்று ஒருகணம் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். அவர் சாப்பிடவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பின்னால் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். சிக்கலான விடை ஒன்றும் இல்லை. நான் சிரிக்க வைக்கத் தெரியாத மனிதன். முப்பது வருடம் படிப்பித்தும் ஒரு பிள்ளை என் பகிடிக்குச் சிரித்ததில்லை. நண்பர் வாயைத் திறந்தாலே ஒரு மண்டபம் சிரிக்கும். அன்றைக்கு அந்தச் சிரிப்பில் ஒரு பங்கு என் கைக்கு வந்தது. அதை விட எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெண் மெதுவாகக் கேட்ட ஒரு சின்ன உதவிக்கும் ஓர் அறை நிறைந்த சிரிப்புக்கும் நடுவில் நின்று, நான் சிரிப்பைத் தெரிவுசெய்தேன். படித்தவன் என்ற வார்த்தையை என்னோடு சேர்த்து யாராவது சொன்னால் இப்போது எனக்குக் கூசுகிறது.

அன்று இரவு என் மனைவி எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு இறங்கி வந்துவிட்டாள். சேலையை மடித்து வைத்தபிறகு சொன்னாள்.

"இனி அவர் வாற இடத்துக்கு நான் வரமாட்டன்."

"அது பகிடிக்கு. அவவே சிரிச்சவதானே."

"அவ சிரிச்சதைப் பாத்தனியள். நல்லது."

"நீர் எல்லாத்தையும் பெரிசாக்கிறீர்."

"அவர் நிறுத்தவர். வாசிச்சது ஆர்?"

அவளுக்கும் அப்போது நாற்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது. அன்று தொடக்கம் அவள் என்னோடு டொக்டரிடம் போனால், நேர்ஸ் தராசைக் காட்டும்போது என்னைப் பார்ப்பாள். நான் வெளியே போய் நிற்க வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான். மனைவியின் நிறை எனக்குத் தெரியாது. கேட்கிற தகுதியும் இல்லை. ஆனால் கண் பழகிவிட்டது. கலியாண மண்டபங்களில் நண்பரோடு இருந்து இருந்து என் கண்ணும் கற்றுக்கொண்டுவிட்டது. அவர் சொல்லுவதற்கு முன்பே எனக்குள் ஓர் இலக்கம் வரும், அவர் சொன்னதும் ஒத்துப்பார்ப்பேன். அவர் போய்ச்சேர்ந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும், பஸ்ஸில் ஒரு பெண் ஏறினால், கோயிலில் ஒரு பெண் குனிந்து திருநீறு எடுத்தால், என் தலைக்குள் அந்த இலக்கம் விழுகிறது. நான் கேட்காமலே விழுகிறது. எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. இந்த அழுக்கோடுதான் சாவேன் போலிருக்கிறது.

தராசு அவர்கள் வரவேற்பறையில், சாமிப்படத்துக்குக் கீழே நிரந்தரமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி அதில் ஏற வேண்டும். கூடியிருந்தால் அந்தக் கிழமை ஏழு நாளும் சோறு இல்லை. காலையில் கடற்கரை வீதியில் நடக்கவும் வேண்டும். மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சப்பாத்துப் போட்டுக்கொண்டு, பம்பலப்பிட்டிப் பக்கமாகப் போய்த் திரும்பி வருவார். நண்பரும் நானும் கடல் பக்கத்துச் சின்ன மதிலில் ஏறியிருந்து, பால் விடாத பிளேன்ரீ குடிப்போம். பக்கத்துக் கடையிலிருந்து சுடச்சுட உழுந்து வடை வரும். மனைவி வியர்த்து, மூச்சு வாங்கி எங்களைக் கடக்கும்போது நண்பர் வடையை வாயில் வைத்துக்கொண்டே சத்தம் போடுவார்.

"இன்னொரு சுத்து! இன்னொரு சுத்து! டேக் ஓஃப் எடுக்கேலாது இந்தப் பாரத்தோடை!"

நடக்க வந்த மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் கடலைப் பார்ப்பேன். ரயில் வந்தால் ரயிலைப் பார்ப்பேன். வடையைக் கீழே வைத்ததாக எனக்கு நினைவில்லை.

நண்பருக்கு அறுபது வரப்போகிறது என்றதும் அறுபதாம் கலியாணத்துக்கு ஆயத்தம் தொடங்கியது. மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பினான். எங்கள் ஆட்களுக்குள் சிலர் அன்றைக்குக் கலியாணத்தன்று கட்டிய பழைய கூறைச் சேலையையே மனைவிக்கு உடுத்துவார்கள். நண்பர் ஒரு படி மேலே போனார். கூறை மட்டுமல்ல, கலியாணத்தன்று மனைவி போட்ட அதே இரவிக்கைச் சட்டையும் போட வேண்டும் என்றார். சீட்டாட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அறிவித்தார்.

"அதே கூறை, அதே சட்டை. பொருத்தமா வருவா. வராட்டி நான் மணவறையிலை ஏறமாட்டன்."

மனைவிக்கு அப்போது நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. அந்தச் சட்டை இருபத்தொரு வயதில் தைத்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெண் விரதம் பிடிக்கத் தொடங்கினார். செவ்வாய் விரதம், வெள்ளி விரதம், சதுர்த்தி, கார்த்திகை, பிரதோஷம். கந்தசஷ்டியின்போது ஆறு நாளும் தண்ணீரும் இளநீரும் மட்டும். கோயிலில் ஐயர்கூட, "அம்மா மாதிரி பக்தி இந்தக் காலத்திலை இல்லை" என்றார். கன்னம் ஒட்டியது. கண்ணுக்குக் கீழே கறுத்தது. கோயில் வாசலில் பெண்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். "நல்லா இறங்கிட்டீர்! என்ன செய்யிறீர்? எங்களுக்கும் சொல்லும்" என்று கையைப் பிடித்துக் கேட்டார்கள். அவர் பூசைத்தட்டை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடி சிரித்தார். நண்பர் என்னைப் பார்த்து விரலால் கீழ்நோக்கி ஒரு கோடு போட்டுக் காட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

விழா நாளில் சட்டை பொருந்தியிருந்தது. ரத்தச் சிவப்புக் கூறை, அதே சட்டை. நண்பர் மாலையோடு எழுந்து, யாருடைய கையிலிருந்தோ மைக்கை வாங்கினார்.

"பாருங்கோ எல்லாரும்! அதே சட்டை! ஒரு நூல் மாத்தேல்லை! எக்ஸஸ் கிளியர்!"

மண்டபம் கை தட்டியது. நானும் தட்டினேன். அந்தப் பெண் தலை குனிந்திருந்தார். அறுகரிசி தூவி வாழ்த்துகிறவர்களுக்கு வணக்கம் சொல்லக் கையைத் தூக்கும்போது அரைவாசியில் நிறுத்திவிடுவார். நாணம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம் சொன்னேன். "பாத்தீரோ, மனம் வைச்சால் ஏலும்."

அவள் தையல் மெஷினின் மேல் கிடந்த துணியை எடுத்து என் மடியில் போட்டாள். கைவிரல் அகலத்தில் ஒரு சிவப்புப் பட்டுத் துண்டு. ஓரத்தில் சரிகை.

"இது என்ன?"

"கூறை."

"ஆற்றை கூறை?"

"அவவின்ரை. உள்பக்கம் சுத்துற தலைப்பிலை, ஒருத்தருக்கும் தெரியாத இடத்திலை வெட்டினது. சட்டையின்ரை ரெண்டு பக்கமும் பிரிச்சு, கைக்குக் கீழை வைச்சுத் தைச்சனான். அது மிச்சத் துண்டு. கையைத் தூக்கினால் தெரிஞ்சுபோகும், தூக்காதையும் எண்டு சொல்லிவிட்டனான்."

கூறையில் கத்தரி வைக்கிற வழக்கம் எங்களுக்குள் கிடையாது. சுமங்கலியாகச் செத்தால் அதோடுதான் எடுத்துப்போவார்கள். "கூறையிலை கத்தரி வைக்கலாமோ? உமக்கு விசரோ? குடும்பத்துக்கு ஆகாது."

"அவள் சாப்பிடாமக் கிடந்து குசினியிலை விழுந்தவள். உங்களுக்குத் தெரியுமோ? நான்தான் ஓடிப்போய்த் தூக்கினனான். அப்பவும் சட்டை பூட்டேல்லை. 'அக்கா, விரதம் எண்டால் ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்' எண்டு நிலத்திலை கிடந்துகொண்டு சொல்லுறாள். அவளை வெட்டுறதைவிடச் சீலையை வெட்டலாம் எண்டு நினைச்சன்."

பிறகு அந்தத் துண்டை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். "இதை அவரிட்டைப் போய்ச் சத்தமா வாசிக்காதேங்கோ" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, பிறந்தநாளன்று அந்தப் பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டது என் மனைவிக்குத் தெரியும் என்று. எவ்வளவு காலமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

கூறையை வெட்டிய அந்த ஒன்றைத்தான் நான் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். நண்பர் கடைசிவரை சட்டை பொருந்தியதாகவே நம்பியிருந்தார். நானும் மாடிக்குப் போய் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தங்கச்சி என்று கூப்பிட்டிருந்தாலே போதும். ஒவ்வொரு முறையும் கதவடியில் தேத்தண்ணித் தட்டு வரும், அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். எக்ஸஸ் என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்தினேன். வேறு பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. ஒரு மனுசியை எந்தப் பெயரும் சொல்லாமல் எத்தனை வருடம் கூப்பிடலாம் என்று நான் கண்டுபிடித்தேன்.

நண்பருக்கு வருத்தம் வந்தது வயிற்றில். முதலில் மெலிந்தார். வெள்ளவத்தையில் எல்லோரும், "ஆள் நல்லா ஸ்மார்ட்டா வந்திட்டார், என்ன எக்சர்சைஸோ?" என்றார்கள். அவரும் பெல்ட்டைக் காட்டி, எத்தனை ஓட்டை உள்ளே போயிருக்கிறது என்று சந்தோசப்பட்டார். பிறகு சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள். மகன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். கூட நின்றது மனைவிதான். நான் பின்னேரங்களில் பஸ் எடுத்துப் போவேன்.

ஒருநாள் மருந்தின் அளவு கணக்கிட நிறை வேண்டும் என்றார்கள். நேர்ஸ் தராசைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவரை எழுப்ப ஆள் வரவேண்டும், ஆள் வேறு வார்ட்டில் நின்றான். மனைவி காத்திருக்கவில்லை. ஒரு கையை முதுகுக்குக் கீழும் மற்றக் கையை முழங்காலுக்குக் கீழும் கொடுத்தார். நண்பரை அப்படியே தூக்கினார், இலேசாகத் தூக்கினார். அந்த அகன்ற தோளும் கனத்த மேற்கையும் இல்லாவிட்டால் முடிந்திருக்காது. அந்தக் கைகளுக்கு நாங்கள் இருவரும் எத்தனை தடவை இலக்கம் சொல்லியிருக்கிறோம்.

தராசில் நிறுத்தினார். நண்பர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. மனைவி ஒரு கையால் அதைக் கூட்டிப் பிடித்தார். மடியில் படுத்திருந்த அந்த வயிறு எங்கே போனதென்று தெரியவில்லை. விலா எலும்புகள் சட்டைக்குள் தெரிந்தன. பக்கத்துக் கட்டில்களில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நண்பர் கண்ணை மூடிக்கொண்டார்.

நேர்ஸ் கையில் ஊசியோடு அடுத்த கட்டிலில் நின்றாள். அங்கிருந்தே கூப்பிட்டாள். "அங்கள், பர கீயத?"

எவ்வளவு நிறை என்று என்னிடம் கேட்டாள். நான் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தேன். அங்கே நின்றபடி ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். நான் சொல்லவில்லை. இரண்டு கட்டில்களைக் கடந்து அவளிடம் போனேன். அவளுடைய காதுக்குக் கிட்டக் குனிந்து, வேறு ஒருவருக்கும் கேட்காமல், சிங்களத்தில் அந்த இலக்கத்தைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. எனக்கு யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு மனிதனை மற்றவர்களுக்கு முன்னால் அப்படிச் சொல்லக்கூடாது என்று உடம்புக்கே தெரிந்திருந்தது.

திரும்பினேன். மனைவி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நண்பரின் கை இன்னும் அவருடைய தோளில் இருந்தது. முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். எதையோ இவ்வளவு காலம் பிழையாக விளங்கி வைத்திருந்து இப்போது சரியாக விளங்கிக்கொண்ட ஒருவரின் முகம்.

"மாஸ்டர் அண்ணைக்கு மெதுவா வாசிக்கவும் தெரிஞ்சிருக்கு" என்றார்.

நண்பர் கண்ணைத் திறந்தார். "என்ன? எவ்வளவாம்?"

"ஒண்டுமில்லை" என்றார் அவர். "காலைத் தூக்குங்கோ. படுக்கலாம்."